டோல்கேட்டில் கைதட்டியவர்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிற அத்தனை போர்டையும், ஒன்றையும் விடாமல், மூச்சும் விடாமல் வாசித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எங்கள் தெருவில் இருந்தாள். அவள் வாசித்த வேகத்துக்கு பஸ்ஸால் ஈடுகொடுக்க முடியவில்லை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியதாயிற்று. டோல்கேட்டில் இருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்து வரிசையில் நின்ற லாரிக்காரர் அழுதேவிட்டார். அவர் வடநாட்டுக்காரர், தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. அப்படியும் அழுதார்.

நான் அப்பாதுரை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் ஒலக்கூர் பக்கம். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் ஒரே பஸ்ஸில் முந்நூறு பேரை ஏற்றி, முந்நூறு பேருக்கும் ஜன்னலோரம் இடம் கொடுத்தவன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, முந்நூறு பேர் சாட்சி இருக்கிறார்கள். என் மனைவி தையல்நாயகி நான் சொல்வதைப் பத்தால் வகுத்து, வருவதில் பாதியை நம்புவாள். டீக்கடையில் முழுசாக நம்புவதுபோல் நடிப்பார்கள், நடித்தால் இன்னொரு டீ வரும் என்பதால். முகத்துக்கு நேராக, "நம்ப மாட்டேன் கண்டக்டரே" என்று சொன்னவன் ஒரே ஒருவன்தான். அவன் அந்தப் பிள்ளையைப் பெற்ற அப்பன்.

பெயர் அறிவுச்செல்வன். குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். எங்களுக்கு அடுத்த வீடு. பொய் என்பது அவன் வாயில் வராது. சரக்கில் ஒரு மூட்டை குறைந்தால் கேட்பதற்கு முன்பே குறைந்தது என்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்குவான். இப்படிப்பட்டவனை எனக்கு அடுத்த வீட்டில் குடிவைத்த கடவுளுக்கு என்னைவிடக் குறும்பு அதிகம்.

அவன் மனைவி அம்சவள்ளி. இந்த ஒன்றை நான் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஐப்பசி தொடக்கத்தில், பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி, அதாவது நிலக்கடலை, நனைந்துவிடுமே என்று தார்ப்பாயை இழுத்து மூடப் போனாள். இடி விழுந்தது. அவ்வளவுதான். மகள் கலைப்பிரியா அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத் தூக்கி வந்தவன் நான். வழியில் ஏதாவது கதை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒரு கதையும் வரவில்லை.

அதற்குப் பிறகு அறிவு விடியும் முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். காலையில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே டிபன் போட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் எங்கள் வீடு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் நான்தான் போவேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கென்று தனி நாற்காலி போட்டு மாலை மரியாதை செய்வார்கள் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் வகுப்புத் தொடக்கத்தில் நடந்த கூட்டத்தில் அருணா டீச்சர், இந்த வருடம் பெற்றோர் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று பேசினார்கள். நகம் வெட்டி அனுப்புங்கள், தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதுங்கள் என்பதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்கள்.

"வூட்டுக்கு வந்ததும் 'இன்னா படிச்ச'ன்னு கேக்காதீங்க. 'யார் பக்கத்துல ஒக்காந்த'ன்னு கேளுங்க. அதுலயே பாதி தெரிஞ்சிடும்."

நான் தவறாமல் கேட்டேன்.

"பிரியா, இன்னைக்கி யார் பக்கத்துல ஒக்காந்த?"

"டீச்சர் பக்கத்துல."

மறுநாளும் டீச்சர் பக்கத்தில்தான். மறுவாரமும் டீச்சர் பக்கத்தில்தான். நான் பெருமையாகத் தையல்நாயகியிடம் சொன்னேன், பிள்ளை படிப்பில் அப்படி ஒரு கெட்டி, டீச்சர் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள் என்று.

விஷயம் வேறு. சின்ன வகுப்புப் பிள்ளைகளை அங்கே மூன்றாகப் பிரித்து உட்கார வைப்பார்கள். எழுத்தே தெரியாதவர்கள் அரும்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் மொட்டு. கடகடவென்று வாசிப்பவர்கள் மலர். அம்மா இருந்தபோது கலைப்பிரியா மலர். அம்மா போன பிறகு மொட்டுக்கு இறங்கினாள். இப்போது அரும்பு. அரும்புப் பிள்ளைகளின் பாயில்தான் டீச்சரும் உட்காருவார்கள்.

"அதிர்ச்சில மறந்துட்டாளோ என்னமோ," என்று டீச்சர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். "அவங்கப்பாவ ஒரு தடவ வரச் சொல்லுங்களேன்."

சொன்னேன். "லோடு இருக்குதுங்க" என்றான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் தையல்நாயகியும் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனபோது பிள்ளையையும் கூட்டிப் போனோம். திரும்பும்போது விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினோம். தையல்நாயகி ஏறின உடனே தூங்கிவிட்டாள். பிரியாவுக்கு ஜன்னலோரம். விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டுக்கு முன்னால், ஜன்னலைப் பார்த்தபடி தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, நம்ம மல்லாட்டன்னுதான சொல்றோம்? அவங்க ஏன் கடல எண்ணெய்னு போட்டுக்கிறாங்க?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு செக்குக் கடை பின்னால் போய்க்கொண்டிருந்தது. 'சுத்தமான மரச்செக்குக் கடலை எண்ணெய் கிடைக்கும்.' படம்கூட இல்லாத போர்டு.

"நீ இப்ப இன்னா சொன்ன?"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். டிக்கெட் எடுக்காமல் ஏறி மாட்டிக்கொண்டவர்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். இந்த முழி எனக்குத் தெரியும்.

"அப்ப உனக்குப் படிக்கத் தெரியுது."

தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்புறம் எதுக்கு அரும்புல ஒக்காந்துக்கினு இருக்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் ஒரு லாரியை முந்தியது. இன்னொரு லாரியையும் முந்தியது.

"மலர்ல ஒக்காந்தா, 'நீயே படி'ன்னு சொல்லிட்டு டீச்சர் போய்க்கினே இருப்பாங்க. அரும்புல ஒக்காந்தாதான் கையப் புடிச்சி எழுத வெப்பாங்க."

"அதுக்காவ தெரியாதுன்னு சொல்லிட்டியா?"

"தெரியாதுன்னு சொல்லல தாத்தா. கோணலா போடுவேன். ரொம்ப கோணலா போட்டா ரொம்ப நேரம் புடிச்சிருப்பாங்க."

அவளாகவே சொன்னாள்.

"டீச்சர் கை சூடா இருக்கும். அம்மா கை மாரி இல்ல. ஆனா கை."

அப்புறம் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "யார்கிட்டயும் சொல்லாத தாத்தா. சாமி சத்தியமா சொல்லாத," என்றாள்.

சத்தியம் செய்தேன். செய்துவிட்டேனே தவிர, என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. எதையும் அது ஒரு ராத்திரிக்கு மேல் உள்ளே வைத்துக்கொள்ளாது. வயிறு உப்பிவிடும். மறுநாள் டீக்கடைக்குப் போனதும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொல்வதையும் சொல்ல வேண்டும், ஒருத்தரும் நம்பவும் கூடாது. டிரைவரை நிறுத்தி இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தேன். டோல்கேட்டில் இருந்தவர்களைக் கைதட்ட வைத்தேன். வடநாட்டு லாரிக்காரரை அழ வைத்தேன். கடை முழுக்கச் சிரித்தது. எதிரே உட்கார்ந்திருந்த சக்கரபாணி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. ரகசியம் பத்திரமாக இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மெச்சல் காலாண்டுப் பரீட்சை வரைக்கும்தான்.

பரீட்சை முடிந்த வாரம் அறிவு எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"விழுப்புரத்துல ஒரு ஆஸ்டல் பாத்துக்கிறேங்க. அவங்கம்மா வருசப் படையல் முடிஞ்சதும் டி.சி. வாங்கிக்கினு போய் உட்டுட்றேன். இங்க படிப்பு ஏறலிங்க அவளுக்கு. நானும் வூட்ல இல்ல. அங்க இருந்தா யாராச்சும் பாப்பாங்க."

தையல்நாயகி அடுப்படியிலிருந்து, "நாங்க பாக்கறமேப்பா," என்றாள்.

"நீங்க பாக்கறீங்க. எத்தினி நாளிக்கி?"

ஒரு கைக்காக மலரிலிருந்து அரும்புக்கு இறங்கிவந்த பிள்ளை. அந்தக் கையும் இல்லாத ஊருக்கு அனுப்பப் போகிறான். சத்தியமாவது ஒன்றாவது. சாமி என்னை மன்னித்துக்கொள்ளட்டும், மன்னிக்க வேண்டியது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

"அறிவு, நான் சொல்றத கேளுப்பா. அவ நல்லா படிப்பா. என் காதால கேட்டேன்."

"பஸ்ஸ நிறுத்துனாளே, அந்தப் படிப்பா?"

"அது வந்து... அது நான் கொஞ்சம் சேத்துச் சொன்னது."

"டோல்கேட்ல கை தட்னது?"

"அதுவும் சேத்ததுதான். ஆனா படிச்சது நெசம்ப்பா."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கோபம்கூட இல்லை, களைப்பு.

"எது சேத்தது, எது சேக்காததுன்னு உங்களுக்கே தெரியுமா கண்டக்டரே? நம்ப மாட்டேங்க. எம்புள்ள விசயத்துல வாணாம்."

ஆனாலும் நல்லவன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுக் கேட்டான். "பிரியா, உனக்குப் படிக்கத் தெரியுமாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். இன்றைக்கும் அந்தப் பார்வை என் முதுகில் இருக்கிறது.

"தெரியாதுப்பா."

அவன் போய்விட்டான். வாழ்நாளெல்லாம் பொய் சொல்லிச் சிரிக்க வைத்தவன், ஒரே ஒரு உண்மையை வைத்துக்கொண்டு அதை விற்க ஆளில்லாமல் நின்றேன்.

முதல் வருடப் படையலுக்கு ஃபிளெக்ஸ் வைக்காமல் எங்கள் பக்கம் யாரும் விடுவதில்லை. அம்சவள்ளியின் தம்பி ரஞ்சித்தான் திண்டிவனத்தில் கொடுத்து அடித்து வாங்கியது. படையலன்று விடியற்காலை, தெரு இன்னும் எழுந்திருக்காத நேரம், முனையில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு அறிவு அதைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படத்திலிருந்து அம்சவள்ளியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் வேறு யாரோ ஒரு பெண்ணின் தோள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கீழே வரிசையாகப் பெயர்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட பையன்களின் படங்கள். என் பெயர்கூட இருந்தது, 'ஓய்வு பெற்ற நடத்துநர்' என்று.

எப்போது எழுந்து வந்தாளோ, கலைப்பிரியா தலை கலைந்தபடி எதிரில் நின்றாள். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அப்பா, என் பேரு எங்கப்பா?"

அறிவு கயிற்றைக் கையில் வைத்தபடி குனிந்து பார்த்தான். அவன் கண் மேலிருந்து கீழே போவதை நான் பார்த்தேன். நானும் தேடினேன். கணவர், மாமியார், சகோதரர், பங்காளிகள், சம்பந்தமே இல்லாத பத்துப் பேர். பெற்ற மகள் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளை, அது எங்கே பார்க்கப் போகிறது என்று யாருக்கும் தோன்றாமலே போயிருக்கிறது.

அப்போது அவன், பொய்யே வராத அந்த வாயால், சொன்னான்.

"தோ கீழ இருக்குது பாரும்மா. அதான் உன் பேரு."

அவன் விரல் காட்டிய இடத்தை அவள் பார்த்தாள்.

"அது ரஞ்சித் மாமா பேருப்பா."

விரல் அங்கேயே நின்றது.

"அதுக்குக் கீழ சீனுவாசன் அண்ணன். அப்புறம் நண்பர்கள், லோடு வண்டி ஓட்டுநர்கள், திண்டிவனம். அப்புறம் கண்டக்டர் தாத்தா." அவளுக்கு மறைக்க வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. பெயரைத் தேடி மேலே போனாள். "முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அம்சவள்ளி. நீ சென்று ஒரு வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் இன்னும் விளக்கு எரியவில்லை." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதுபோல வாசித்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "நம்ம வூட்ல லைட்டு எரியுதேப்பா?" என்றாள்.

அறிவு ஸ்டூலிலிருந்து இறங்கினான். இறங்கினவன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கட்டாத பக்கம் ஃபிளெக்ஸ் காற்றில் படபடவென்று அடித்தது.

"எப்பலேந்துமா?" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அரும்பு, மொட்டு, மலர், கோணல் எழுத்து, டீச்சர் கை, எல்லாம். அம்மா கை மாதிரி இல்லை, ஆனால் கை என்றாளே, அதையும். பத்தால் வகுக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்ததும் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள்.

தையல்நாயகி அஞ்சறைப் பெட்டி மேல் பெயர் எழுத வைத்திருக்கிற மார்க்கர் பேனாவை ஓடிப்போய் எடுத்து வந்தேன். அறிவு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, படத்துக்கு நேர் கீழே இடம் காட்டினான். அவளுக்கு எழுதத் தெரியும், இப்போது அவனுக்கும் அது தெரியும். இருந்தும் அவள் கைமேல் தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டான். 'மகள் கலைப்பிரியா' என்று எழுதினார்கள். அவன் பிடித்ததால்தான் எழுத்து கோணிற்று. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவசரப்படவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை லோடை விட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தான். வாசற்படியிலேயே நின்றுவிட்டான். உள்ளே பாயில் அருணா டீச்சர் கலைப்பிரியாவின் கையைப் பிடித்து 'ழ' போட வைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் கண் சிலேட்டில் இல்லை. தன் கைமேல் இருந்த கையில் இருந்தது.

டீச்சர் எழுந்து வந்தார்கள்.

"வாங்க. டி.சி. கேக்கப் போறீங்கன்னு கண்டக்டர் தாத்தா சொன்னாங்க. ஆஸ்டல்ல சேக்கறீங்களாமே?"

"இல்லிங்க. இங்கியே இருக்கட்டும்."

"நல்லதுங்க. ஆனா இன்னும் எழுத்தே வரமாட்டேங்குது. நீங்க வூட்ல ஏதாச்சும் கவனிச்சீங்களா? படிக்கிறாளா?"

பாயிலிருந்து கலைப்பிரியா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். மூச்சுகூட விட்டாளா தெரியாது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். என் சரித்திரத்திலேயே அது முதல் தடவை.

"இல்லிங்க டீச்சர்," என்றான் அறிவுச்செல்வன். "வூட்லயும் ஒண்ணும் தெரியல. அவங்கம்மா போனதுலேந்து அப்டித்தான் இருக்கா. முழுப் பரீச்ச வரைக்கும் இந்தப் பாயிலயே இருக்கட்டும். நீங்கதான் கையப் புடிச்சி... கொஞ்சம் பாத்துக்கணும்."

டீச்சர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று நான் இதுவரைக்கும் கேட்டதில்லை.

"சரிங்க," என்றார்கள். "அரும்பாவே இருக்கட்டும்." போய்ப் பாயில் உட்கார்ந்து மறுபடியும் அந்தக் கையை எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். டிப்போவிலும் டீக்கடையிலும் இத்தனை வருடம் நான் அவிழ்த்துவிட்ட பொய்யெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒன்றுக்கு உறை போடக் காணாது. கலைப்பிரியா இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். நீங்களும் நம்ப வேண்டாம்.

அன்றைக்கு வெளியே வந்து அறிவு வண்டியில் ஏறினான். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். சாவியைப் போட்டவன் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே மலர்ப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஏதோ பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்டக்டரே."

"இன்னாப்பா?"

"அன்னிக்கி டோல்கேட்ல யாராச்சும் கை தட்னாங்களா?"

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் அந்த வடநாட்டு லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"இல்லப்பா. யாரும் தட்டல. யாருக்கும் கேக்கல."

அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கேட்டிருந்தா தட்டியிருப்பாங்க," என்றான். "நெசந்தாங்க கண்டக்டரே. படிச்சா. நானே கேட்டேன்."